ரூபஸ் புட்னம்

கல்வியின் அருமையை, அதனை எளிதிற் பெற்றவரினும் பெற இயலாது ஏங்கியவரே நன்கு உணர்வர். அங்ஙனம் ஏங்கி, அறிவால் உயர்ந்த வீரர் ரூபஸ் புட்னம்.

இவர் 1738-ஆம் ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மாசச்சூசெட்ஸ் நாட்டில் சட்டன் என்னும் ஊரில் பிறந்தார். ஏழாம் வயதில் தந்தையை இழந்தார். தாயை மறுமணம் புரிந்தவர் விடுதி நடத்தி வந்தார். எழுத்தறிவில்லாத அவர் சிறுவனின் படிப்பை எள்ளி நகையாடினார். விடுதிக்கு வருவோர்க்கு ஏவல் செய்து பெற்ற காசில் புட்னம் வெடிமருந்து வாங்கினார். கௌதாரிகளைச் சுட்டு விற்றார். அப்பணத்தால் எழுத்துப் புத்தகம் ஒன்று வாங்கித் தாமே பயின்றார். பின்னர் ஆலை அமைக்கும் தொழிலைப் பழகினார். 1757-இல் பிரெஞ்சுக்காரரோடு நிகழ்ந்த போரில் படைவீரரானார். போருக்குப்பின் நில அளவையையும் கற்றார்.

1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. ஆங்கிலேயர் பாஸ்டன் நகரில் தங்கியிருந்தனர். அதன் அருகிலுள்ள டார்ச்செஸ்டர் குன்றுகளில் அரண் அமைத்தால் அவர்களை வெளியேற்றலாம் என வாஷிங்டன் கருதினார். ஆனால், கடுங்குளிரால் நிலம் பாறைபோல் உறைந்து கிடந்தது; தோண்டுதல் இயலாது. அந்நிலையில் புட்னம், ஹீத் என்னும் தளபதியின் இருப்பிடத்தில் அரண் அமைக்கும் கலைபற்றிய நூல் ஒன்றைக் கண்டார். நூல்களை இரவல் தரும் வழக்கமில்லை என மறுத்த ஹீத்திடம் வற்புறுத்தி அதனைப் பெற்றார். மரச்சட்டங்களை நிலத்தின்மேல் நிறுத்தி, அவற்றிடையே சுள்ளிக்கட்டுகளை நிரப்பும் முறை அதில் இருந்தது. 1776 மார்ச்சு 4-ஆம் நாள் இரவில் அம்முறையில் அரண் எழுந்தது. மார்ச்சு 17-இல் ஆங்கிலப்படை பாஸ்டனை விட்டகன்றது.

போர் முடிந்தபோது வீரர்களின் கையிலிருந்த ஊதியப் பத்திரங்கள் மதிப்பிழந்திருந்தன. அப்பத்திரங்களையே விலையாகக் கொடுத்து நிலம் பெறும்பொருட்டு, புட்னமும் நண்பர்களும் 1786-இல் ஒகையோ கழகத்தைத் தோற்றுவித்தனர். 1787-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலப்பகுதியில் அடிமை முறையைத் தடை செய்தது. 1788 ஏப்ரல் 7-இல் புட்னம் தலைமையில் 48 பேர் படகுகளிற் சென்று, மஸ்கிங்கம் ஆறு ஒகையோ ஆற்றோடு கலக்குமிடத்தில் மாரியெட்டா நகரை நிறுவினர்.

ஆயினும், அம்மண் ஆளற்ற மண்ணன்று. டெலவேர், ஷானி முதலிய பழங்குடியினர் தம் நிலங்காக்கப் போரிட்டனர். இருதிறத்தாரும் பலர் மடிந்தனர். 1792-இல் புட்னம் வின்சென்ஸ் என்னுமிடத்தில் வாபாஷ் ஆற்றுப்பகுதி மக்களோடு உடன்படிக்கை செய்தார். அது அவர்தம் நிலவுரிமையை ஏற்றது. ஆனால், அமெரிக்க மேலவை அதனை ஏற்கவில்லை. 1795-இல் தோல்வியுற்ற பழங்குடியினர் ஒகையோவின் பெரும்பகுதியைக் கைவிட நேர்ந்தது. குடியேறியவரின் வாழ்வு பிறரின் இழப்பின்மேல் எழுந்தது என்பதை மறத்தலாகாது. ஆயினும், பண்டை மக்கள் எழுப்பிய பெரிய மண்மேட்டை மாரியெட்டாவினர் அழிக்காது காத்தனர்.

1796-இல் புட்னம் நாட்டின் தலைமை நில அளவையாளரானார். 1802-இல் ஒகையோவின் அரசியலமைப்பை வகுத்த அவையில் அடிமை முறையை எதிர்த்து நின்றார். கழகத்தார் கல்விக்கென ஒதுக்கிய நிலத்தில் 1804-இல் ஒகையோ பல்கலைக்கழகம் தோன்றியது. புட்னம் அதன் பொறுப்பாளருள் ஒருவராயினார். 1824 மே 4-இல், தம் 86-ஆம் வயதில் மறைந்தார். அப்பழைய மேட்டைச் சூழ்ந்த இடுகாட்டிலேயே அவர் துயில்கின்றார்.

பள்ளிக்கல்வி நிரம்பப் பெறாத சிறுவர், பிறர் பிள்ளைகள் பயிலப் பல்கலைக்கழகம் எழத் துணைநின்றார். தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறர்க்கு வழங்குதலே பெருந்தன்மையாகும்.