பந்தாடிய பிக்கு ரியோகான்

ஜப்பான் நாட்டின் மேற்குக் கடற்கரையில், எச்சிகோ என்னும் பகுதியைச் சேர்ந்த இசுமோசாகி ஊரில், 1758ஆம் ஆண்டு ஊர்த்தலைவர் குடும்பத்தின் மூத்த மகனாய்ப் பிறந்தவர் ரியோகான். தந்தைக்குப் பின் தலைமைப் பதவி அவருக்கே உரியது. அதற்கான பயிற்சியில் இருந்த நாளில் அதிகாரிக்கும் மீனவருக்கும் பூசல் மூண்டதாம். ஒரு சாரார் மறுசாராரை ஏசியதையெல்லாம் இவர் ஒளியாது அப்படியே எடுத்துரைத்துவிட்டார் என்று வழிவழியாகச் சொல்வர். சூதறியாத அந்த நெஞ்சம் பதவிக்கு ஒத்துவரவில்லை. இளமையிலேயே அருகிலிருந்த கோஷோஜி மடாலயத்தில் புகுந்து துறவு பூண்டார்.

1779இல் அங்கு வந்த கொகுசென் என்னும் ஆசிரியரைப் பின்தொடர்ந்து, தென்மேற்கே தொலைவிலிருந்த எந்த்சூஜி மடாலயம் சென்றார். சோட்டோ ஜென் மரபில் பத்தாண்டுகளுக்கு மேல் பயின்று, 1790இல் ஆசிரியரின் சான்றும் பெற்றார். மறு ஆண்டில் ஆசிரியர் மறைந்தார். மடாலயத் தலைமையை நாடாமல், ஓடும் கையுமாகப் புறப்பட்ட ரியோகான், இறுதியில் சொந்த நாடு திரும்பிக் குகாமி மலைச் சரிவில் ஒரு குடிலில் தங்கினார். கோகோ-ஆன், அதாவது ஐந்து படியரிசிக் குடில் என்பது அதன் பெயர். அங்குள்ள படி நம் ஆழாக்கினும் சற்றே பெரியது. முன்பு அங்கிருந்த துறவி ஒருவருக்கு நாள்தோறும் கிடைத்த அரிசியின் அளவே பெயராயிற்று.

பிச்சைக்குச் செல்லும் அவரது அங்கியின் கைப்பையில் நூல் சுற்றிய பந்து ஒன்று இருக்கும். சிறுவர் அழைத்தால் போதும், ஓட்டை ஓரத்தில் வைத்துவிட்டு ஆடத் தொடங்கிவிடுவார். ஒருமுறை கண்ணாமூச்சியில் வைக்கோலுக்குள் ஒளிந்தாராம். பொழுது சாயப் பிள்ளைகள் வீடு சென்றுவிட்டனர். விடியற்காலையில் வைக்கோல் எடுக்க வந்த பெண் அவரைக் கண்டு கூவ, பிள்ளைகளுக்குக் கேட்டுவிடும், ஓசைப்படாதே என்று தடுத்தாராம்!

தமக்குப் பெருமூடன் என்று பொருள்படும் தைகு என்ற பெயரை அவரே சூட்டிக்கொண்டார். ஆயினும் இதனை அறியாமை என்று கொள்ள நாம் உடன்படோம். சத்தர்ம புண்டரீக சூத்திரத்தில், எதிர்ப்பட்ட யாவரையும் வருங்காலப் புத்தராகக் கருதி வணங்கிய, ஒருவரையும் இகழாத போதிசத்துவர் ஒருவர் வருகிறார். கல்லெறிந்தாலும் விலகி நின்று வணங்கினார் அவர். ரியோகான் அவரைப் பெரிதும் போற்றிப் பாடினார். உழைப்பாளரைக் கண்டால் தாமும் தலைவணங்கினார். பிறப்பைக் காட்டி இகழப்பட்டு, அவ்விழிவை உதறித் தம்மத்தைத் தழுவிய நமக்கு அந்த வணக்கத்தின் விலை தெரியும். பந்தை எறியும் குழந்தை, எதிரில் நிற்பவன் எக்குலம் என்று வினவுவதில்லை. வினவக் கற்றுக்கொடுப்போர் பெரியவர்களே.

துயரமறியாததால் வந்த அமைதியன்று அது. தந்தை 1795இல் கியோட்டோவின் கட்சுரா ஆற்றில் உயிர் நீத்தார். தலைமையேற்ற தம்பி 1810இல் பதவியும் சொத்தும் இழந்து ஊரைவிட்டு நீக்கப்பட்டார். அம்மை நோயால் குழந்தைகள் மாண்டபோது, பெற்றோரின் நிலையில் நின்று ரியோகான் புலம்பிப் பாடினார். துறவை வயிற்றுப் பிழைப்பாக்கிய பிக்குகளைக் கடுமையாகச் சாடியும் எழுதினார். வெள்ளை மனம் என்பது வாய்மூடியிருத்தல் ஆகாதன்றோ!

தம்பி மகன் நெறி தவறியபோது அறிவுரை கூற அழைக்கப்பட்டார். சென்றார், தங்கினார், ஒரு சொல்லும் கூறவில்லை. புறப்படுகையில் செருப்பு வாரைக் கட்டிவிடும்படி அவனிடம் வேண்டினார். குனிந்தவன் மீது ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்தால், பெரியப்பாவின் கண்களில் நீர். அன்றோடு அவன் திருந்தினான் என்பர்.

முதுமையால் மலை வாழ்வு இயலாமற்போக, 1826இல் ஷிமசாகியில் ஓர் அன்பர் இல்லத்தை அடைந்தார். அங்கு அவரைக் காண வந்து மாணவியானவர் தெய்ஷின் என்னும் இளம் பிக்குணி. அவர் கொணர்ந்த முதற் காணிக்கையும் ஒரு பந்தே. 1831இல் ரியோகான் மறைந்தபோது உடனிருந்த தெய்ஷின், ஆசிரியரின் பாடல்களை ஊரூராகத் தேடித் திரட்டி, 1835இல் தாமரைப் பனி என்னும் தொகுப்பாக்கினார்.