மெச்னிகோவும் நட்சத்திர மீனும்

மாட்டுப்பட்டியில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்களுக்குக் காலில் முள் தைப்பது புதிதன்று. என் தாயாரும் அவர்களுள் ஒருவர். ஒரு நாள் கூலி போய்விடும் என்று முள்ளோடு மலையேறுவார். இரண்டாம் நாள் கால் வீங்கும். பிறகு சீழ் கோக்கும். சீழ் என்பது கெட்ட இரத்தம் என்றுதான் எங்கள் லயத்தில் சொல்வார்கள். கல்லூரிக்கு வரும்வரை நானும் அப்படியே நம்பியிருந்தேன். நம்மைக் காக்கப் போராடி மடிந்த உயிரணுக்களே அங்கே குவிந்திருக்கின்றன என்று நாம் இன்று அறிகிறோம். அந்த அறிவுக்கு வழி திறந்தவர் இலியா மெச்னிகோவ். அவருக்கு வழிகாட்டியது ஒரு நட்சத்திர மீன்.

இன்று உக்ரைனில் உள்ள கார்கோவ் நகருக்கு அருகே 1845-இல் பிறந்தவர் அவர். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். (நம்மில் சிலர் இரண்டாண்டுப் படிப்பை நான்காண்டுகளில் முடிக்கிறோம், அது வேறு கதை.) 1870-இல் ஒதேசாவில் பேராசிரியரானார்.

இல்வாழ்வோ துயரம் நிறைந்தது. முதல் மனைவி லுத்மிலா காசநோயாளி. 1869-இல் திருமணத்தன்று அவரை நாற்காலியில் வைத்தே தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். நான்காண்டுகள் ஊர் ஊராக அழைத்துச் சென்று காக்க முயன்றும் பயனில்லை. 1873-இல் மதேராத் தீவில் அவர் மறைந்தார். மனம் உடைந்த மெச்னிகோவ் தம் உயிரையும் போக்கிக்கொள்ள முனைந்து, பிழைத்தார். பின்னர் மணந்த ஓல்காவையும் குடற்காய்ச்சல் வாட்டியது. 1881-இல் மீண்டும் சாவைத் தேடினார், மீண்டும் பிழைத்தார். நோயின் முன் மனிதன் கைகட்டி நிற்பதைத் தம் வீட்டிலேயே கண்டவர் அவர். அதை மறந்துவிட்டு அவருடைய ஆராய்ச்சியைப் படிப்பது தவறு என்பது என் எண்ணம்.

1881-இல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்டபின் பல்கலைக்கழகங்களில் குழப்பம் மிகுந்தது. மெச்னிகோவ் 1882-இல் வேலையைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடும்பத்துடன் சென்றார். ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டனர். இவர் மட்டும் நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தார். கீழே நட்சத்திர மீனின் இளவுயிரி. கண்ணாடி போன்ற உடல். உள்ளே சில உயிரணுக்கள் இங்குமங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து புகும் பகையை எதிர்ப்பது இவைதாமோ என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. இருப்புக் கொள்ளவில்லை, கடற்கரைக்குப் போய் உலவினார். திரும்பி வந்து, தோட்டத்து ரோஜா முட்களை எடுத்து அந்த உயிரியின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு உறக்கமில்லை. விடிந்ததும் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்துக்கிடந்தன!

என் தாயாரின் காலில் நடப்பதும் இதுவே அன்றோ? ஆனால் அந்த உயிரிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே வீக்கத்தின் உயிர்நிலை இரத்தக் குழாய்களில் இல்லை, இந்த உயிரணுக்களில் இருக்கிறது என்று அவர் துணிந்தார். வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்று மருத்துவர் பலர் கருதிய காலம் அது! வியன்னாவில் பேராசிரியர் கிளாஸ் அவற்றிற்குப் பேகோசைட் என்னும் பெயரைத் தந்தார். தமிழில் விழுங்கணு எனலாம்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. 1890-இல் பெரிங்கும் கிடசாதோவும் குருதிநீரிலேயே நஞ்சை முறிக்கும் பொருள் உண்டு என்று காட்டியதும், விழுங்கணுக் கொள்கை வீழ்ந்தது என்றே பலர் எண்ணினர். 1888 முதல் பாரிசில் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகோவ் விடாது வாதாடினார். 1908-இல் நோபல் பரிசு அவருக்கும், குருதிநீர்க் கட்சியைச் சேர்ந்த எர்லிக்குக்கும் பகிர்ந்து தரப்பட்டது. இரு கட்சியும் உண்மையே. பரிசு தந்த அதே டிசம்பரில், 28-ஆம் நாள், நிலநடுக்கத்தில் மெசினா நகரம் அழிந்தது.

முதுமையில் புளித்த பாலே ஆயுளை நீட்டும் என்று நம்பி நாள்தோறும் அருந்தினார். மாட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரார் கேட்டால் மகிழ்வர். எனினும் அவர் எதிர்பார்த்த நீண்ட ஆயுள் அவருக்கே கிட்டவில்லை. 1916-இல் 71-ஆம் வயதில் பாரிசில் காலமானார்.

எதிர்ப்பொருள் ஆக்கும் ஆற்றல் நட்சத்திர மீனுக்கு இல்லை. கிருமிகள் மலிந்த கடலில் அதைக் காப்பவை விழுங்கணுக்களும், உடலில் ஊறும் சில வேதிப்பொருள்களும். அப்பொருள்களுள் ஒருவகை சாப்போனின்கள். சோப்பைப் போல நுரைப்பவை. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் அவை பூஞ்சைகளையும் புற்றுநோய் அணுக்களையும் கொல்வதைக் கண்டுள்ளனர். ஆனால் நல்ல சிவப்பணுக்களையும் அவை உடைத்துவிடுகின்றன. அந்தக் குற்றத்தை நீக்கும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது; மருத்துவர் எழுதித் தரும் மருந்தாக அவை இன்னும் வந்துசேரவில்லை.