சீனியின் வழித்தடம் கண்ட கேர்ட்டி கோரி

உண்ட சோறு உடலுக்குள் என்னவாகிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் கேர்ட்டி கோரி. மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதலாவது பெண்மணி அவர். எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரை நாம் நினைவுகூருவதற்கு அப்பரிசு மட்டும் காரணமன்று. அவர் படித்த பெண்கள் பாடசாலை அவருக்குக் கற்பிக்காமல் விட்டவையும் ஒரு காரணம்.

அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த பிராக் நகரில், 1896 ஆகஸ்ட் 15 ஆம் திகதி, யூதக் குடும்பமொன்றில் மூன்று பெண்மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் இரசாயனவியலாளர், சீனி ஆலைகளை நிருவகித்தவர். பத்து வயதுவரை வீட்டில் கற்ற கேர்ட்டி பின்னர் பெண்கள் பாடசாலைக்குச் சென்றார். நல்ல குடும்பத்துப் பெண்கள் சபையில் பழகுவதற்கு வேண்டியவற்றை அப்பாடசாலை நன்றாகவே கற்பித்தது. பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய இலத்தீனோ, கணிதமோ, பௌதிகமோ, இரசாயனமோ அங்கு போதிய அளவில் இல்லை. பதினாறு வயதில் வைத்தியராக வேண்டுமெனத் தீர்மானித்த அவர், விடுபட்ட பாடங்களைத் தாமாகவே முயன்று படித்து, 1914 இல் பிராக்கின் ஜேர்மன் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இடம்பெற்றார்.

அங்கே உடன் பயின்ற கார்ல் கோரியை 1920 இல் மணந்தார். அவ்வாண்டிலேயே இருவரும் வைத்தியராயினர். முதலாம் உலகப் போருக்குப் பின்னரான வியன்னாவில் சிறுவர் வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய கேர்ட்டி, 1922 இல் கணவருடன் சேர்ந்து அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வு நிலையமொன்றில் வேலைக்கமர்ந்தார். கணவனும் மனைவியும் ஒன்றாக ஆராய்வது மேலிடத்தாருக்குப் பிடிக்கவில்லை. கணவரின் முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்கிறார் என்றும் அவரிடம் கூறப்பட்டது. இருவரும் அதற்கு இணங்கவில்லை.

அவர்கள் கண்டறிந்ததை எளிதாகச் சொல்லலாம். மாடிப்படிகளில் நாம் விரைந்து ஏறும்போது, தசை தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்துச் சக்தி பெறுகிறது. ஒட்சிசன் போதாதபோது இலக்ரிக் அமிலம் எஞ்சுகிறது. அது வீணாவதில்லை. குருதி அதனை ஈரலுக்கு எடுத்துச் செல்ல, ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்கித் தசைக்கு அனுப்புகிறது. 1929 இல் விளக்கப்பட்ட இந்தச் சுற்று இன்றும் கோரி வட்டம் என்றே பாடநூல்களில் உள்ளது. உயர்தரத்தில் உயிரியல் கற்ற எம்மிற் பலர் இப்பெயரைப் பாடமாக்கியிருப்போம். அதில் பாதி ஒரு பெண்ணுக்கு உரியது என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

1931 இல் அவர்கள் சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். கார்ல் பேராசிரியரானார். ஒரே ஆய்வைச் செய்த கேர்ட்டிக்கு ஆய்வு உதவியாளர் பதவியும் கணவரின் சம்பளத்தில் பத்திலொரு பங்குமே கிடைத்தன. ஆயினும் ஆய்வு தளரவில்லை. கிளைக்கோஜன் உடையும்போது முதலில் தோன்றும் குளுக்கோசு-1-பொசுபேற்று என்ற சேர்வையை 1936 இல் கண்டனர். அதனை உண்டாக்கும் நொதியத்தையும் பிரித்தெடுத்தனர். கேர்ட்டி முழுப் பேராசிரியராக்கப்பட்டது 1947 இலேயே. சில மாதங்களில் நோபல் பரிசு வந்தது. கணவருடனும் ஆர்ஜென்ரீனாவின் பேர்னாடோ உசேயுடனும் அதனைப் பகிர்ந்துகொண்டார்.

அதே ஆண்டில்தான் அவரது என்புமச்சை பழுதடைந்திருப்பது தெரியவந்தது. செங்குழியங்களையும், வெண்குழியங்களையும், குருதி உறைவதற்கு வேண்டிய சிறுதட்டுக்களையும் ஆக்குவது என்புமச்சை. அது நார் பற்றி இறுகிப்போகும் நோய்க்கு அன்று தீர்வு இருக்கவில்லை. அடிக்கடி குருதி ஏற்ற வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தை ஒட்டிய அறையில் ஒரு சிறு கட்டில் போட்டு, களைத்தபோது அதில் சாய்ந்து, மீண்டும் எழுந்து வேலை செய்தார்.

அந்தப் பத்து ஆண்டுகளின் விளைவு நோயுற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஈரல் வீங்கி, குருதியில் குளுக்கோசு குறைந்து வாடும் சில குழந்தைகளுக்குக் குறித்த ஒரு நொதியம் இல்லாமையே காரணமென 1952 இல் அவரும் கணவரும் காட்டினர். பரம்பரை நோயொன்றின் வேர் ஒரு நொதியக் குறைபாட்டில் இருக்கலாம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இவ்வகை நோய்களுள் ஒன்று இன்று கோரி நோய் எனப்படுகிறது. அதில் கிளைக்கோஜன் ஈரலிலும் தசையிலும் தேங்கும். சிலருக்கு இதயத் தசையும் தடித்துவிடும். குறை எங்கே என்று தெரிந்ததால்தான், இத்தகைய பிள்ளைகளுக்கு நேரந்தவறாத உணவும் சமைக்காத சோளமாவும் கொடுத்துக் குளுக்கோசைத் தாங்கிப் பிடிக்க இன்று முடிகிறது.

1957 ஒக்டோபர் 26 ஆம் திகதி கேர்ட்டி காலமானார். அவர்களது ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர்களுள் அறுவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர்.

தம் பாடசாலை தராததைத் தாமே தேடிப் பெறும் துணிவும் வசதியும் கேர்ட்டிக்கு இருந்தன. அவருடன் ஒரே வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளின் கதை எமக்குத் தெரியாது. அவர்களுள் ஆசையிருந்தும் பாடமில்லாமல் நின்றவர்கள் இருந்திருக்கலாம். விஞ்ஞான பாடத்துக்கு ஆசிரியரில்லாமல் வேறு பாடசாலை தேடிச் சென்றவர்கள் எம்மிடையேயும் உண்டு. எந்நாட்டில் வாழ்ந்தாலும் பழைய மாணவிகளாகிய நாம் பாடசாலைக்கு எதைக் கொடுக்கலாம் என்று எண்ணும்போது, ஆய்வுகூடத்தையும் அதில் கற்பிப்பவரையும் முதலில் நினைப்போம்.