வேடம் போடும் எந்திரம்

1990-ம் ஆண்டை ஒட்டி நம் ஊர் வீடுகளில் ஒரு விளையாட்டுப் பெட்டி வந்தது, நினைவிருக்கிறதா? டெலிவிஷனோடு இணைத்து, கேசட்டைச் செருகினால் மாரியோ ஓடுவார், தாவுவார், காசு பொறுக்குவார்.

அந்தப் பெட்டிகள் பழுதாகிப் பரணுக்குப் போய்விட்டன. ஆனால் மாரியோ இன்றும் ஓடுகிறார். எங்கே? கம்ப்யூட்டரில்!

இதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, "எமுலேட்டர்" என்ற புரோகிராம். மற்றொன்று, பழைய கேசட்டில் இருந்த விளையாட்டின் நகல். (விளையாட்டுக்கு உரிமைக்காரர்கள் உண்டு. கண்ட இடத்தில் கிடைக்கும் நகலை எடுத்துக்கொள்வது சட்டப்படி சரியல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.) சில வகைப் பெட்டிகளுக்கு, பெட்டிக்குள்ளேயே பதிந்திருந்த தொடக்கக் கட்டளைகளும் தேவைப்படும்.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-ல் விற்ற பெட்டியின் மூளை, வினாடிக்குச் சுமார் 18 லட்சம் தடவை துடிக்கும். எமுலேட்டர் விளையாட்டின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. இந்தக் கட்டளைக்கு அந்தப் பழைய பெட்டி என்ன செய்திருக்குமோ, அதையே செய்கிறது. புதிய கம்ப்யூட்டர், பழைய பெட்டியாக வேடம் போடுகிறது!

ஓர் எந்திரம் இன்னோர் எந்திரமாக வேடம் போட முடியும் என்பதை, அப்படி ஓர் எந்திரம் உலகத்தில் எங்குமே இல்லாத காலத்தில், ஓர் இளைஞர் கணக்குப் போட்டு நிரூபித்தார். அவர் பெயர் ஆலன் டூரிங்.

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங் இங்கிலாந்துக்காரர். ஆனால் அவருடைய தாய் எத்தேல் சாரா பிறந்தது, கோவையை அடுத்த போத்தனூரில்! ஆண்டு 1881. அந்த அம்மாளின் தந்தை மதராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.

ஆலன் லண்டன் நகரில் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி பிறந்தான். இந்தியா குழந்தைகளின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெற்றோர் எண்ணினார்கள். ஒரு வயதுக் குழந்தையையும் அண்ணன் ஜானையும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு, தாய் கப்பல் ஏறினார். பெற்றோர் வருவதும் போவதுமாகவே அந்தப் பிள்ளைகளின் இளமை கழிந்தது.

1926-ல் ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளியில் ஆலனைச் சேர்த்தார்கள். பள்ளி திறக்கும் நேரம் பார்த்து, நாடு முழுவதும் வேலைநிறுத்தம்! ரெயில் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவன் என்ன செய்வான்? கப்பலில் வந்து இறங்கிய சவுதாம்டன் துறைமுகத்தில் இருந்து சைக்கிளில் புறப்பட்டான். தூரம் சுமார் 100 கிலோ மீட்டர். இரவு வழியில் ஒரு விடுதியில் படுத்து எழுந்து, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே கிறிஸ்டோபர் மார்கம் என்ற மாணவன் அவனுக்கு உயிர்த் தோழன் ஆனான். கணக்கு, விண்மீன், விஞ்ஞானம் என்று இருவருக்கும் ஒரே பேச்சு. 1930 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் காசநோயால் இறந்துபோனான். மனம் என்பது என்ன, அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி, அந்தத் துக்கத்துக்குப் பிறகு ஆலனை விடவே இல்லை.

ஒரே நடிகர், எல்லா வேடமும்

கேம்பிரிட்ஜில் படித்த டூரிங், 1936-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். வயது 23. அந்த நாளில் "கம்ப்யூட்டர்" என்றால் எந்திரம் அல்ல. காகிதமும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடுகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர்.

அந்த ஆள் செய்வதை ஓர் எந்திரம் செய்தால் எப்படி இருக்கும் என்று டூரிங் எண்ணிப் பார்த்தார். முடிவில்லாத நீண்ட நாடா. அதில் கட்டங்கள். எந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் பார்க்கும். எழுதும், அழிக்கும், வலப்பக்கமோ இடப்பக்கமோ நகரும். எப்போது எதைச் செய்வது என்பதற்கு ஓர் அட்டவணை. கூட்டலுக்கு ஓர் எந்திரம், பெருக்கலுக்கு இன்னோர் எந்திரம்.

பிறகுதான் வந்தது பெரிய யோசனை. ஓர் எந்திரத்தின் அட்டவணையையே நாடாவில் எழுதி, வேறோர் எந்திரத்திடம் கொடுத்தால்? அது படித்துப் பார்த்து, முதல் எந்திரத்தைப் போலவே நடக்கும்! நாடகக் கம்பெனியில் கெட்டிக்கார நடிகர் ஒருவர் இருந்தால், எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் அந்த வேடத்தைக் கட்டிவிடுவார் அல்லவா? அப்படி.

1964-ல் ஐ.பி.எம். கம்பெனி புது வரிசைக் கம்ப்யூட்டர்களை அறிவித்தது. பழைய எந்திரங்களின் வேலையையும் அவை செய்யும்படி ஒரு வசதி வைத்தது. "எமுலேட்டர்" என்ற பெயர் அந்த வேலையில்தான் பிறந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில், ஜெர்மானியரின் "எனிக்மா" ரகசியச் செய்திகளை உடைத்தவர்களில் டூரிங் முக்கியமானவர். அதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ, அவர் ஆடிய ஒரு சதுரங்க ஆட்டம்தான் மறக்க முடியாததாக இருக்கிறது.

டூரிங்கே எந்திரம் ஆனார்

எந்திரம் சதுரங்கம் ஆடவேண்டும் என்பது அவர் ஆசை. 1948-ல் நண்பர் சாம்பர்நவுனுடன் சேர்ந்து அதற்கான கட்டளைகளை எழுதத் தொடங்கினார். சிப்பாய்க்கு மதிப்பு 1. குதிரைக்கு 3. யானைக்கு 5. ராணிக்கு 10. எந்தக் காயை நகர்த்தினால் லாபம் என்று கணக்குப் பார்த்து ஆடவேண்டும்.

கட்டளை இருக்கிறது. அதை ஓட்ட எந்திரம் இல்லை! மான்செஸ்டரில் டூரிங் வேலை பார்த்த கம்ப்யூட்டரிலும் அதை ஓட்ட முடியவில்லை.

1952-ல் அவர் தாமே எந்திரம் ஆனார். எதிரே அலிக் கிளென்னி என்ற கம்ப்யூட்டர் நிபுணர். டூரிங் காகிதத்தைப் பார்ப்பார். பென்சிலால் கணக்குப் போடுவார். விடை என்ன வருகிறதோ அந்தக் காயைத்தான் நகர்த்துவார். ஒரு காயை நகர்த்த அரை மணி நேரம் கூட ஆயிற்று. சொந்தப் புத்தியை உபயோகித்தால் ஆட்டம் செல்லாது. 29-வது நகர்த்தலில் எந்திரம் தோற்றது.

அதே ஆண்டில்

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருடு போயிற்று. அவர் போலீசில் புகார் செய்தார். விசாரணையில், அவர் ஓர் ஆணிடம் அன்பு கொண்டு உறவு வைத்திருந்தது வெளியே வந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். திருட்டுக்கொடுத்தவரையே கோர்ட்டில் நிறுத்தினார்கள்!

சிறைக்குப் போவதா, ஓர் ஆண்டு ஹார்மோன் மருந்து ஏற்றிக்கொள்வதா என்று கேட்டபோது, அவர் மருந்தை ஒப்புக்கொண்டார். நாட்டைக் காத்தவருக்கு ரகசிய வேலைகளின் கதவு மூடப்பட்டது.

1954 ஜூன் 7-ந்தேதி டூரிங் சயனைடு விஷத்தால் உயிர் இழந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். தாய் ஒப்புக்கொள்ளவில்லை, வீட்டில் நடத்திய ரசாயனச் சோதனையால் நேர்ந்த விபத்து என்றே நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்த அம்மாள், மகனின் வரலாற்றைத் தாமே புத்தகமாக எழுதி 1959-ல் வெளியிட்டார். யுத்தகால வேலை அப்போதும் ரகசியம். மகன் என்ன செய்தான் என்பதை முழுவதும் எழுத அவரால் முடியவில்லை.

சட்டம் 1967-ல் மாறியது. 2013-ல் டூரிங்குக்கு ராணியின் மன்னிப்புக் கிடைத்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது.

அதற்கு முன்பு, 2012-ல், அவருடைய நூற்றாண்டு விழா மான்செஸ்டரில் நடந்தது. டூரிங்கின் பழைய சதுரங்கக் கட்டளைகளைப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றினார்கள். எதிரே ஆட உட்கார்ந்தவர், முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவ். இந்தத் தடவை காகிதம், பென்சில், அரை மணி நேரக் காத்திருப்பு எதுவும் இல்லை. 16-வது நகர்த்தலில் காஸ்பரோவ் ஜெயித்தார்.