தளிர் பார்த்த மகாவித்துவான்

கவி பாடுவது தெய்வம் கொடுக்கும் வரம் என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் சும்மா இருந்துவிடுகிறோம். காளி நாவில் எழுதினாள், முருகன் கனவில் வந்து அடியெடுத்துக் கொடுத்தான் என்ற கதைகளைக் கேட்டுக் கேட்டு, புலமை என்பது ஒரே இரவில் கைக்கு வந்துவிடும் பொருள் என்றே எண்ணப் பழகிவிட்டோம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் காவிரிக் கரையில் வாழ்ந்த ஒரு பெரும்புலவரின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். அவர்தாம் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

இருபதுக்கும் மேற்பட்ட புராணங்கள், பத்துப் பிள்ளைத்தமிழ், அந்தாதி, கோவை, உலா என்று எண்ணற்ற பிரபந்தங்கள்! இத்தனையும் ஒரு மனிதர் தம் அறுபது வயதுக்குள் பாடியவை. எப்படி முடிந்தது? அதற்கு விடை அவருடைய பழக்கங்களில் இருக்கிறது.

பிச்சைக்காரரின் பின்னால்

1815-ஆம் வருஷம் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் ஓர் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்த பிறகு, தமிழ் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக் கேட்டுச் சென்று பாடம் கேட்பதே அவர் வேலையாயிற்று.

அக்காலத்தில் அச்சுப் புத்தகங்கள் அருமை. ஏட்டுச் சுவடி உள்ளவர்களோ எளிதில் கொடுக்கமாட்டார்கள். தண்டியலங்காரம் பாடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த நூலில் வல்லவராக இருந்தவர், வீடு வீடாகச் சென்று பிச்சை எடுத்து உண்ணும் ஒரு பரதேசி. இளைஞரான பிள்ளையவர்கள் அந்தப் பரதேசியின் பின்னாலேயே தெருத் தெருவாக நடந்தார். அவருக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களை வாங்கிக் கொடுத்து, அவர் மனம் மகிழ்ந்திருக்கும் சமயம் பார்த்துச் சந்தேகம் கேட்டார். இப்படியே நூல் முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டார்!

கிடைத்த சுவடிகளைத் தாமே பிரதி செய்வதும் அவர் வழக்கம். கம்பராமாயணம் போன்ற பெரிய நூல்களையும் எழுத்தாணி பிடித்து எழுதியவர் அவர். ஒரு நூலை நூறு தடவை படிப்பதைவிட ஒரு தடவை எழுதுவது மேல் என்பார்கள். பழைய கவிகளின் சந்தமும் சொற்கட்டும் விரல் வழியாக அவர் நெஞ்சில் இறங்கின. பிற்காலத்தில் மடை திறந்த வெள்ளம் போல் பாட்டு வந்ததென்றால், தண்ணீர் சேர்த்து வைத்தது அந்த நாட்களில்தான்.

தோட்டத்தில் ஒரு சோதனை

1860-ஐ ஒட்டிய காலத்தில் அவர் மாயூரத்தில் குடியேறினார். இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் அதே ஊர். வீட்டின் பின்புறத்தில் ஒரு தோட்டம். நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் அமர்ந்து பாடுவதில் அவருக்கு விருப்பம் அதிகம். செடி வளர்ந்து மரமாகும் வரையில் காத்திருக்க மனமில்லை போலும்! வளர்ந்த மரங்களையே வேரோடு கொண்டுவந்து அங்கே நட்டிருந்தார்.

வேரோடு பெயர்த்த மரம் பிழைக்குமா என்பது சந்தேகமல்லவா? ஆகவே விடிந்ததும் அவர் முதலில் போகும் இடம் தோட்டம். எந்தக் கிளையில் புதுத் தளிர் வந்திருக்கிறது என்று மரம் மரமாகப் பார்ப்பார். ஒரு தளிரைக் கண்டால் அன்றைக்கெல்லாம் அவருக்குச் சந்தோஷம்.

1871-ஆம் வருஷம் பதினாறு வயதில் ஒரு மாணாக்கர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஆசிரியர் தம்மைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு ஏக்கம். தளிர் விஷயத்தைத் தெரிந்துகொண்டதும் அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போய், புதிதாக அரும்பியவற்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினார். பிள்ளையவர்களின் அன்பு அந்தத் தளிர்களின் வழியே அவர்பால் திரும்பியது. அந்த மாணாக்கர்தாம் பிற்காலத்தில் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர்.

எழுத்தாணி பிடிக்காத கவி

பாட்டு எழுதும்போது பிள்ளையவர்கள் ஏட்டைத் தொடுவதில்லை. எழுதுவதற்கு ஒரு மாணாக்கர் பக்கத்தில் இருப்பார். இவர் சிறிது நேரம் மௌனமாக யோசிப்பார். பிறகு பாட்டு முழு உருவத்தோடு வெளியே வரும். எழுதுகிறவரின் கைதான் சளைக்குமே தவிர, சொல்லுகிறவரின் வாய் சளைக்காது.

இது ஏதோ மாயம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு ஸ்தல புராணம் பாட வேண்டுமென்றால், வடமொழி மூலத்தைத் தமிழ் வசனமாக முதலில் பெயர்த்துக்கொள்வார்கள். நாட்டு வருணனை எங்கே, நகர வருணனை எங்கே, எந்தக் கதை எந்தப் படலத்தில் என்று மனத்துக்குள் திட்டம் அமைந்துவிடும். வீடு கட்டுகிறவன் மனை அளந்து கயிறு பிடித்த பிறகுதானே செங்கல்லை எடுக்கிறான்!

பாடுவதற்கு இடையே பாடம் சொல்வதும் நடந்துகொண்டே இருக்கும். காலையில், மாலையில், இரவில், பிரயாணத்தில் என்று நேரம் காலம் கிடையாது. ஒரே நூலை வெவ்வேறு மாணாக்கர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதில் அவருக்குச் சலிப்பு வந்ததில்லை. சாதி, மதம் பார்த்ததும் இல்லை. அந்தணரும் வேளாளரும் செட்டியாரும் மடத்துத் தம்பிரான்களும் கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டார்கள். தினமும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததால் பழைய பாட்டுக்கள் அவர் நாவில் எப்போதும் ஈரமாகவே இருந்தன.

எண்ணெய் வரும் வரையில்

இவ்வளவும் வசதியான வாழ்க்கையில் நடந்தவை அல்ல. திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் பட்டம் அளித்து ஆதரித்தது. மடத்து நஞ்சையில் விளைந்த நெல் எத்தனையோ மாணாக்கர்களுக்குச் சோறாயிற்று. ஆனால் கையில் வந்த பணம் அவரிடம் தங்குவதில்லை. மாணாக்கர்களின் சாப்பாடு, இல்லையென்று வந்தவர்களுக்கு உதவி என்று போய்விடும். பிறகு கடன்.

ஒரு நாள் எண்ணெய் ஸ்நானத்துக்காக உட்கார்ந்தார். வீட்டில் எண்ணெய் இல்லை. வேறொருவராக இருந்தால் வீடே இரண்டுபட்டிருக்கும்! பிள்ளையவர்களோ எண்ணெய் வரும் வரையில் உட்கார்ந்த இடத்திலேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வறுமை அவர் வீட்டுக்குள் வந்தது, பாடத்துக்குள் வரவில்லை.

குறை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. சங்கீதத்தில் அவருக்கு நாட்டம் இல்லை. தம் மாணாக்கர் சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதை அவர் விரும்பவில்லை, அது நின்றுபோயிற்று. தம்முடைய உழைப்பைப் பிறர் பெயரில் விட்டுக்கொடுக்கவும் அவர் தயங்கவில்லை. குசேலோபாக்கியானம் அவர் பாடியது. வெளிவந்ததோ மாணாக்கர் தேவராஜ பிள்ளையின் பெயரில்.

எது நிலைத்தது?

1876-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி திருவாவடுதுறையில் அவர் காலமானார். சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகம் படிக்க, அந்த உயிர் பிரிந்தது. குடும்பத்துக்கு அவர் வைத்துப்போனது கடன்தான்.

அவர் பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுக்களில் இன்று எத்தனை படிக்கப்படுகின்றன? சேக்கிழார் பிள்ளைத்தமிழைத் தமிழ் அன்பர்கள் போற்றுகிறார்கள். பெரும்பாலான புராணங்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. இதைக் கேட்கும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது.

ஆனால் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 1880-ல் மற்றொரு மாணாக்கர் தியாகராஜ செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தம் தமிழாசிரியர் பதவியைச் சாமிநாதையருக்கு விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டில் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் படித்த அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் போதா என்று உணர்த்திச் சீவகசிந்தாமணியை அவர் கையில் கொடுத்தார். ஆசிரியரிடம் பாடம் கேட்காத நூல் அது. ஆனாலும் ஏட்டைப் பிரிக்கவும், பிரதி செய்யவும், தெரிந்தவரைத் தேடிச் செல்லவும், சலிக்காமல் திரும்பத் திரும்பப் படிக்கவும் ஆசிரியரிடம் பழகியிருந்தாரே! 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அடுத்தடுத்து வந்தன.

குரு கற்பிக்காத நூல்களைச் சிஷ்யர் உலகுக்குக் கொடுத்தார். குரு கற்பித்த பழக்கந்தான் அதைச் செய்வித்தது. பரதேசியின் பின்னால் நடந்த கால்களும், சுவடியைப் பிரதி செய்த கையும், விடியற்காலையில் தளிரைத் தேடிய கண்ணும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

நமக்கு மகாவித்துவானின் ஞாபகசக்தி இல்லாமல் இருக்கலாம். ஆனால் நல்ல பாட்டு ஒன்றைத் தினம் கையால் எழுதிப் பார்ப்பதற்கும், தெரிந்தவரிடம் கூச்சமின்றிக் கேட்பதற்கும், கற்றதை ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் என்ன தடை? கொல்லையில் ஒரு செடி இருந்தால், அது தளிர்த்திருக்கிறதா என்று நாளைக் காலையில் பார்க்கலாமே!