மீகாமன் யோசுவா ஸ்லோக்கம்

வீரம் என்றதும் எதிர்த்து நிற்றலையே நம் மாணாக்கர் எண்ணுவர். காலமறிந்து தாழ்தலும் வீரத்தின்பாற்பட்டதே என்பதை வகுப்பில் விளக்கும்போது, யான் போர்க்களத்து மறவர் எவரையும் எடுத்துக்காட்டுவதில்லை. சிறு பாய்க்கலமொன்றில் தனித்து வாழ்ந்து, உலகைக் கடல்வழியே சுற்றிவந்த முதல் மனிதராகிய யோசுவா ஸ்லோக்கம் என்பாரையே காட்டுவது வழக்கம். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பேன்.

இன்று கனடாவின் மாகாணங்களுள் ஒன்றாய் விளங்கும் நோவா ஸ்கோசியாவிலே, 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் ஸ்லோக்கம் பிறந்தார். தந்தையார் மீனவர்க்குச் சப்பாத்துத் தைப்பவர். பிள்ளையும் தோலும் ஊசியுமாய் அக்கடையிலே அமர்த்தப்பட்டான். ஆயினும் உள்ளம் கடலையே நாடிற்று. பதினான்கு வயதிலே வீட்டைவிட்டோடி, மீன்பிடி கலமொன்றிற் சமையற்காரனாய்ச் சேர்ந்தான். 1860இல் தாயார் இறந்தபின் ஊரை முற்றும் துறந்தான். பள்ளிக் கல்வி மிகச் சிறிதே பெற்ற அவ்விளைஞன், விண்மீன் கொண்டு வழியறியும் கலையைத் தானே பயின்று, இருபத்தைந்து வயதளவில் மீகாமனாக உயர்ந்தான்.

1871இல் சிட்னியில் வேர்ஜீனியா என்னும் நங்கையை ஸ்லோக்கம் மணந்தார். கப்பலே அவர்களுக்கு இல்லமாயிற்று. மக்களுட் பலர் கடல்மேலும் துறைமுகங்களிலும் பிறந்தனர். அவ்வின்பம் நீடிக்கவில்லை. 1884இல் புவனோஸ் ஐரிஸ் துறையிலே வேர்ஜீனியா காலமானார். பின்னர் அவர் ஹெற்றி என்பாரை மணந்தார். 1887ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய கப்பல் பிரேசில் நாட்டுக் கரையில் மணற்றிட்டேறி அழிந்தது. காப்புறுதி இல்லாமையாற் கைப்பொருள் யாவும் போயிற்று. அவர் கலங்கினாரல்லர், தம் கையாலே முப்பத்தைந்தடி நீளமுள்ள சிறு கலமொன்றைக் கட்டினார். பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற 1888 மே 13ஆம் நாளன்று அதனை நீரில் இறக்கி, விடுதலை எனப் பொருள்படும் லிபர்டாடே என்னும் பெயரை அதற்கு இட்டார். மனைவியையும் மைந்தர் இருவரையும் அதிலே ஏற்றி அமெரிக்கா சேர்ந்தார்.

அங்கோ நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. பாய்க்கப்பல் மீகாமனுக்கு வேலை கொடுப்பார் இலர். 1892இல் பழைய நண்பர் ஒருவர் ஸ்லோக்கத்துக்குக் கலமொன்றைத் தருவதாகக் கூறினார். சென்று பார்க்கையில், அது வயலொன்றிலே கிடந்து உளுத்துப்போன பழம் படகாயிருந்தது. பெயர் ஸ்பிரே, நீர்த்திவலை என்பது பொருள். பதின்மூன்று மாதம் உழைத்து, 553 டொலரளவு செலவிட்டு, பழுதுற்ற பலகை ஒவ்வொன்றையும் மாற்றி அதனைப் புதிதாக்கினார். ஏறக்குறைய முப்பத்தேழடி நீளமும் பதினான்கடி அகலமும் உடைய அக்கலத்தில், 1895 ஏப்ரல் 24ஆம் நாள் பொஸ்ரன் நகரினின்றும் தனியே புறப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்தொன்று. நீந்தவும் அறியார்.

அவர்தம் திறமை புயல் வந்தபின் செய்ததினும், வருமுன் செய்ததிலேயே பெரிதும் விளங்கிற்று. தென் அமெரிக்காவின் தென்கோடியை அணுகுமுன் புவனோஸ் ஐரிசில் தங்கினார். மனைவியைப் பறிகொடுத்த அத்துறையிலேயே, கலத்தின் பாய்மரத்தை ஏழடி குறைத்தார்; முன்னே நீண்ட மரத்தையும் ஐந்தடியளவு தறித்தார். விரைவு குறையினும் உறுதி மிகும் என்பது அவர் கருத்து. அக்கருத்தின் உண்மை விரைவிலே புலனாயிற்று. பற்றகோனியாக் கரையருகே, பாய்மர உச்சிக்கும் மேலாக எழுந்த பேரலையொன்று விரைந்து வருவதைக் கண்டார். கண்ட கணத்திலே பாய்களையெல்லாம் இறக்கி, பாய்மரக் கயிற்றைப் பற்றி மேலேறினார். அலை கலத்தை முழுதும் மூடிற்று. ஒரு நிமிடமளவு உடற்பலகை எதுவும் தோன்றவில்லை. பின்னர் ஸ்பிரே நீரை உதறி எழுந்தது. பாய் விரிந்திருக்குமாயின் எழுந்திராது.

மகெலன் நீரிணையின் கொடுமை வேறு வகையானது. பனிமலைகளிலே செறிந்த காற்று, முன்னறிவிப்பின்றிச் சரிவிலே பாய்ந்து, பாய் விரியாத கப்பலையும் பக்கத்திற் சாய்த்துவிடும். அவற்றையெல்லாம் கடந்து 1896 மார்ச் 3ஆம் நாள் பசிபிக் மாகடலை அடைந்தார். மறுநாளே வடமேற்குப் புயல் மூண்டது. எதிர்த்தேகுதல் இயலாதென உணர்ந்து, காற்றின் போக்கிலே கலத்தை விட்டார். சுக்கானை நடுவே கட்டி, நீண்ட கயிறுகள் இரண்டைப் பின்னே மிதக்கவிட்டார். அவை கலத்தை நேர்நிறுத்தியதுடன், பின்தொடரும் அலைகளின் முனையையும் முறித்தன. பெரும்பாய் கந்தலாயிற்று. நான்கு நாள் இவ்வாறு ஓடி, ஓரிரவு பாறைகளின்மேல் நுரைவெடிக்கும் இடத்தில் அகப்பட்டார். விடியுமளவும் திசைமாற்றித் திசைமாற்றி உயிர்தப்பி, மீண்டும் அந்நீரிணைக்குள்ளேயே வந்து சேர்ந்தார். கடந்த வழியை மறுபடியும் கடக்கவேண்டியதாயிற்று. பன்முறை முயன்று ஏப்ரல் 13ஆம் நாளே பசிபிக்கை இறுதியாக அடைந்தார்.

அவுஸ்திரேலியா, இந்துமாகடல், தென்னாபிரிக்கா ஆகியவற்றைக் கடந்து தாயகம் அணுகிய வேளையிலும் புயல் அவரை விடவில்லை. 1898 ஜூன் 25ஆம் நாள், நியூயோர்க் அருகே சுழற்காற்றொன்று தாக்கிற்று. குறியறிந்து முன்னரே பாய்களை இறக்கியிருந்தமையால், சாய்ந்த கலம் மீண்டும் நிமிர்ந்தது. ஜூன் 27ஆம் நாள் நியூபோட்டில் நங்கூரமிட்டார். மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட அப்பயணத்தின் தொலைவு 46,000 மைலுக்கு மேலாகும்.

1900இல் வெளிவந்த அவர்தம் பயண நூல், எளிமைக்கும் மெல்லிய நகைச்சுவைக்கும் பேர்பெற்றது. புகழும் ஓரளவு பொருளும் வந்தன. மாதாஸ் வைன்யாட் தீவிலே தோட்டம் வாங்கியும் நிலவாழ்வு அவர்க்கு ஒவ்வவில்லை. குளிர்காலந்தோறும் மேற்கிந்தியத் தீவுகளை நோக்கித் தனியே போவார். 1909 நவம்பரில் அவ்வாறு போனவர் மீளவில்லை. கலத்தின் ஒரு பலகைதானும் கிடைத்திலது. 1924இல் அவர் இறந்தாரெனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

அவர் முடிவைக் கொண்டு, கடல் அவரை வென்றது என்பாரும் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். கடலை வெல்ல அவர் என்றும் முனைந்ததில்லை. பாய் விரிக்கும் பொழுதையும் இறக்கும் பொழுதையும் அறிந்து, அதனோடு ஒத்து வாழ்ந்தார். அவ்வறிவாலன்றோ, கைப்பொருள் முழுதும் இழந்த ஒருவர், உளுத்த பலகையிலிருந்து தொடங்கி உலகைச் சுற்றிவர முடிந்தது?