பள்ளி செல்லாத கல்வி அமைச்சர்

1888இல் புனித மக்காவில் பிறந்த மௌலானா அபுல் கலாம் ஆஸாத் பள்ளிக்கூடம் சென்றவரல்லர்; தந்தையாரிடமும் ஆசிரியர்களிடமும் வீட்டிலேயே கற்றார். 1912இல் அவர் தொடங்கிய ‘அல் ஹிலால்’ உருது வார இதழை ஆங்கில அரசு முடக்கியது. 1943இல் அவர் அஹ்மத்நகர் கோட்டையில் சிறையிருக்கையில், மனைவி ஸுலைஹா பேகம் கல்கத்தாவில் வபாத்தானார். ஜனாஸாவைக்கூட அவர் காணவில்லை. பிற்பாடு, அவர் எதிர்த்த பிரிவினையும் நிகழ்ந்தது.

ஆயினும் மனந்தளராது, சுதந்திர இந்தியாவின் முதற் கல்வி அமைச்சரானார். 1951ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அங்கு நூறு பெண்களுள் ஏறத்தாழ ஒன்பது பேரே எழுத்தறிந்திருந்தனர். கட்டாய ஆரம்பக் கல்வி, பெண் கல்வி, முதியோர் கல்வி ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். பல்கலைக்கழக மானியக் குழுவும் அவர் காலத்திலேயே அமைந்தது. 1958இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

வகுப்பறை காணாத அவர் பிறருக்காக விரும்பியது வகுப்பறையையே. அதன் அருமையை அதில் அமர்ந்திருக்கும் நாம் மறக்கலாகாது.